எள்ளளவு மேடு

மூன்று லட்சம் முக்கோணங்களாக
வந்து சேர்ந்தது ஹெடி லூகின்பூலின் வலது காது.
பேர்ன் நகரில் டிராம் ஓட்டுகிறாள். வயது ஐம்பத்தெட்டு.
கூடவே வந்த கேள்திறன் வரைபடத்தை
நான் தமிழில் படித்துக்கொண்டேன்:
உயிர் கேட்கிறது,
மெய் கேட்கவில்லை.

என் வேலை சுருக்குவது.
லொரெய்ன் பகுதியில், ரொட்டிக்கடைக்கு மேல்மாடியில்,
மூன்று லட்சத்தை ஆறாயிரம் ஆக்குவது.
ஒரு விளிம்பை எடு.
அதன் இரு முனைகளையும் ஒரே புள்ளியாக்கு.
பக்கத்து முக்கோணங்கள் இரண்டும் மறையும்.
பிறகு அடுத்த விளிம்பு.
யார் போனால் வீட்டில் அழுகை குறைவோ
அவரே முதலில் போகும்
வரிசை அது.

சராசரிப் பிழை மில்லிமீட்டரில் நூறில் இரண்டு.
திரையில் பச்சை.
சாப்பிடப் போய்விட்டேன்.

மூன்று வாரத்தில் கருவி திரும்பி வந்தது. வலிக்கிறதாம்.
இன்னொன்று அச்சிட்டு அனுப்பினோம்.
அதுவும் வந்தது.
இம்முறை உறையின் மேல் நீலப் பேனாவில்
'இங்கேதான். இன்னமும் இங்கேதான்.'
பக்கத்தில் ஓர் அம்புக்குறி
வெறும் காகிதத்தைக் குத்திக்கொண்டு நின்றது.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்.
சரி.
பானை முழுக்கப் பதமாய் வெந்திருக்க
பல்லில் அகப்படும் ஒற்றைக் கல்லுக்கு
எது பதம்?

மூலத்தையும் சுருக்கத்தையும்
ஒன்றன்மேல் ஒன்று வைத்து
விலகலுக்கு நிறம் கொடுத்தேன்.
எங்கும் நீலம், ஏரி மாதிரி.
இரண்டாவது வளைவில் மட்டும்
எள்ளளவு சிவப்பு.
காதில் மேடு என்றால் கருவியில் பள்ளம்.
பள்ளத்தை நிரப்பிவிட்டிருந்தது என் நிரல்,
ஸ்கேனரின் இரைச்சல் என்று நினைத்து.
நிரல் என்கிறேன்,
நினைத்தது நான்தான்.

தொலைபேசியில் கேட்டேன். சிரித்தாள்.
"அதுவா, அது ஆரே நதி" என்றாள்.
வேலைக்குப் போகுமுன் ஐகொல்ட்ஸ் கரையில் இறங்கி
நீரோட்டத்தோடு கொஞ்ச தூரம்.
ஜனவரியிலும்.
இருபத்தாறு வருடமாக.
குளிர்ந்த நீர் பட்டுப் பட்டு
உள்ளே எலும்பு வளருமாம், மருத்துவர் சொன்னாராம்,
தண்ணீரை மறிக்க வரப்பு போடுகிற மாதிரி.

இருபத்தாறு மார்கழி நீராட்டை
ஒரே சொடுக்கில் வழித்தெறிந்திருக்கிறேன்.

மறுபடி தொடங்கினேன்.
இனி காது முழுவதற்கும் ஒரே அளவுகோல் கிடையாது.
ஒவ்வொரு புள்ளிக்கும் அதனதன் பொறுமை.
மெல்லிய தோலுக்கடியில் எலும்பு இருக்கும் வளைவில்
இம்மி பிசகக் கூடாது.
முக்கோணங்கள் அங்கே
தேர்த்திருவிழாக் கூட்டமாய் நெருக்கி நின்றன.
வெளியே, மடலின் கிண்ணத்தில்,
சதை தாராளம். அரை மில்லிமீட்டர் வரை மன்னிக்கும்.
பிழை இல்லாமல் சுருக்க முடியாது.
அதை எங்கே குடிவைப்பது என்பது மட்டுமே என் கையில்.
கிண்ணத்தில் குடிவைத்தேன்.

கோப்பு ஏன் நாற்பது கிலோபைட் பருத்தது
என்று யுர்க் கேட்டான்.
"எலும்பு" என்றேன்.
அவன் தன் காதை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு
காபி எடுக்கப் போனான்.

உறை எதுவும் திரும்பி வரவில்லை.
அது நல்ல செய்தி என்று எடுத்துக்கொண்டேன்.

அவள் முகம் எனக்குத் தெரியாது.
ஒன்பதாம் எண்ணில் ஏறும்போதெல்லாம்
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
ஓட்டுநரின் வலது காதைப் பார்க்கிறேன்.
நேற்று மாலை ஒருத்தி. நரைத்த குட்டைமுடி,
ஓரத்தில் ஈரம்.
அவள்தானா?
கருவி மூடியது போக
மடல் கிண்ணத்தின் விளிம்பு மட்டும் தெரிந்தது.
உற்றுப் பார்த்தேன். அடையாளம் பிடிபடவில்லை.

அந்த இடத்தில்தானே
பிழையை வைத்திருந்தேன்.